கட்டாயப் பாடத்தை யார் நடத்துவது?

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் வாரம், அமெரிக்காவில் நான் பணியாற்றும் பல்கலைக்கழகத்துக்கு முதலாண்டு மாணவர்கள் வந்து சேர்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் பதினெட்டு, இருபது பேருக்கு நான் கல்வி ஆலோசகர். வேதியியல் துறையில் என் அறை சிறியது; மேசைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் போட முடியும். அதில் வந்து அமரும் மாணவர் முன்னால், எட்டுக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளை வைப்பேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பருவம் என்று, நான்கு ஆண்டுகளுக்கு எட்டுப் பருவங்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று பென்சிலால் எழுதிப் பார்ப்பதுதான் எங்களுடைய அரைமணி நேர வேலை. சென்ற ஆண்டு முதலில் வந்தவர் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்த ஒரு மாணவி. தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, மெய்யியல், வரலாறு, நுண்கலை என்று நான் குறித்திருந்த இடங்களை விரலால் தொட்டு, "இவற்றையெல்லாம் முதலிலேயே முடித்துவிட்டால் அப்புறம் தொந்தரவு இருக்காது, இல்லையா?" என்று கேட்டார். அவர் குரலில் அலட்சியம் எதுவும் இல்லை. சமைப்பதற்கு முன் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிடலாம் என்று சொல்கிறவரின் பொறுப்புணர்வுதான் இருந்தது.

இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பதினேழு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். தொடக்கத்தில், பரந்த அறிவின் தேவை பற்றி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றிவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அந்தக் கேள்வியை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களே பாடத்தை வகுத்து நடத்துகிற நாங்கள்தான் என்று எனக்குப் படத் தொடங்கிவிட்டது. ஒரு பாடத்தை எல்லாரும் படித்தே தீர வேண்டும் என்று விதித்துவிட்டு, எங்களிடம் இருப்பவர்களில் சிறந்தவரை அதை நடத்த அனுப்பாமல் விட்டால், அதன் மதிப்பு என்ன என்பதை மாணவர் முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுவிடுகிறார். பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்ப எண்ணும் பெற்றோர் பலர், முதன்மைப் பாடம் எதுவானாலும் எல்லாரும் சில பொதுப் பாடங்களைப் படித்தாக வேண்டும் என்ற இந்தப் பொதுக்கல்வி முறையைப் பற்றி அடிக்கடி விசாரிப்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் நடக்கும் ஒரு பருவ வகுப்புக்கு மூன்று கிரெடிட் என்ற கணக்கில், நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது வகுப்புகள். எங்களைப் போன்ற, பல துறை அறிவையும் வலியுறுத்தும் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், மாணவரின் முதன்மைப் பாடம் எதுவாக இருந்தாலும், இவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எல்லாருக்கும் உரிய பொதுக்கல்விக்குப் போய்விடும். கட்டுரை எழுதும் பயிற்சி, கணிதம் அல்லது புள்ளியியல், ஆய்வகத்தோடு கூடிய ஓர் அறிவியல், வரலாறு, இலக்கியம், நுண்கலை, சமூக அறிவியல், மெய்யியல் அல்லது அறவியல், ஆங்கிலம் தவிர்த்த ஒரு மொழி என்று அது விரியும். செவிலியர் படிப்பு, பொறியியல் போன்றவற்றில் முதன்மைப் பாடத்தின் சுமை அதிகம் என்பதால் இந்தப் பங்கு கொஞ்சம் சுருங்கும்; ஆனால் மறைந்துவிடாது. பதினைந்து வயதில் எடுத்த குரூப்பே ஒருவருடைய வாழ்நாளைத் தீர்மானிக்கும் முறையில் வளர்ந்த நமக்கு, இங்கே பலரும் இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் தங்கள் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார்கள் என்பது நம்ப முடியாததாக இருக்கும். பொதுக்கல்வி வகுப்பு ஒன்றில் தற்செயலாகப் போய் உட்கார்ந்துதான் பல மாணவர்கள் தங்கள் துறையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து குதித்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் இலத்தீன், கிரேக்கம், கணிதம் என்று அநேகமாக எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம்தான் இருந்தது. 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட், நாற்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார். எதைப் படிப்பது என்பதை மாணவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவருடைய கொள்கை. 1890களின் இறுதியில் அங்கே எல்லாரும் படித்தாக வேண்டிய பாடம் என்று முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி மட்டுமே எஞ்சியிருந்தது. 1909இல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், பிற துறைகளில் ஓரளவு பரப்பு என்று இரண்டையும் கட்டாயமாக்கினார். நான் மாணவர் முன் வைக்கும் எட்டுக் கட்டத் தாள், சாரத்தில் லோவெலின் திட்டம்தான்.

இதற்கு மாறான இன்னொரு வழியை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. முதல் உலகப் போரின்போது, போரின் காரணங்களைப் பயிற்சி மாணவர்களுக்கு விளக்குவதற்காக ஒரு வகுப்பு உருவானது. போர் முடிந்ததும் அதன் அனுபவத்தை வைத்து, சமகால நாகரிகம் என்ற பாடத்தை 1919இல் எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கினார்கள். 1937இல் இலக்கியத்துக்கும், 1947இல் ஓவியத்துக்கும் இசைக்கும் இதே போன்ற பாடங்கள் சேர்ந்தன. அங்கே இலக்கிய வகுப்பு ஹோமரின் இலியட் காப்பியத்தில் தொடங்குகிறது. இருபது பேரை ஒட்டிய சிறு குழுக்களாக, முதலாண்டு மாணவர் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே நூல்களைப் படிக்கிறார்கள். அந்த நூற்பட்டியலில் நீண்ட காலம் ஐரோப்பிய ஆண்களே நிறைந்திருந்தது ஒரு பெருங்குறை. அது பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனாலும், உணவு மேசையில் எதிரே அமர்ந்திருக்கும் இயற்பியல் மாணவரும் அதே நூலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதில் ஒரு பெரும் பயன் இருக்கிறது; பட்டியலிலிருந்து ஆளுக்கொன்றைப் பொறுக்கிக்கொள்ளும் எங்கள் முறையால் அதைத் தர முடியாது. மூன்றாவதாக, பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் மாணவர்கள் முன்வைத்த திட்டத்தை ஏற்றுப் பொதுக்கல்விக் கட்டாயங்களையே எடுத்துவிட்டது. ஏற்கெனவே நல்ல பள்ளிகளில் படித்து, எதைத் தேட வேண்டும் என்று அறிந்து வருகிறவர்களுக்கு அது பொருந்தலாம். என் நாற்காலியில் வந்து அமர்கிற, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளை, தெரியாத ஊரில் வரைபடம் இல்லாமல் இறக்கிவிட எனக்கு மனம் வராது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜேம்ஸ் கானன்ட்டைப் பற்றியது. எலியட்டைப் போலவே அவரும் வேதியியலாளர்; அவரைப் போலவே ஹார்வர்டின் தலைவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல், ஒரு சுதந்திர நாட்டில் பொதுக்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். குழுவின் அறிக்கை 1945இல் வெளிவந்து, நாடு முழுவதும் கல்லூரிகளில் பேசப்பட்டது. அறிக்கை வாங்கி அலமாரியில் வைப்பது எல்லாத் தலைவர்களும் செய்யக்கூடியது. கானன்ட் அதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்துகொண்டே, அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கான பொதுக்கல்வி அறிவியல் வகுப்பை அவரே நடத்தினார். பாயிலின் காற்றுப் பம்பு, எரியும் பொருளிலிருந்து ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற கோட்பாடு வீழ்ந்த கதை என்று, பழைய ஆய்வுகளை அவை நடந்தபடியே எடுத்து வைத்து, அறிவியல் எப்படித் தடுமாறி முன்னேறியது என்று காட்டுவது அவருடைய முறை. அந்த வகுப்புக்கு உதவ, இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் கூன் என்ற இளைஞரை அழைத்தார். 1947இல் அந்தப் பாடத்துக்குத் தயாராவதற்காக அரிஸ்டாட்டிலின் இயற்பியலைப் படித்த கூன், இத்தனை பெரிய அறிஞர் இவ்வளவு தவறாக எப்படிச் சிந்தித்தார் என்று திகைத்தார். பிறகு, அரிஸ்டாட்டில் கேட்ட கேள்விகளே வேறு என்று புரிந்துகொண்டார். அந்தத் திகைப்பு அவரை இயற்பியலிலிருந்து அறிவியல் வரலாற்றுக்கு இழுத்துச் சென்றது. 1962இல் வெளிவந்த, அறிவியல் புரட்சிகளின் அமைப்பைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அறிவியல் படிக்காதவர்களுக்கான ஒரு பொதுக்கல்வி வகுப்பு, அதை நடத்தப் போனவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. அந்த வகுப்பைத் தன் தகுதிக்குக் குறைந்தது என்று அவர்களில் எவரும் நினைக்கவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

இன்று பல இடங்களில் நடப்பது வேறு. நான் முன்பு பணியாற்றிய ஒரு பல்கலைக்கழகத்தில், பொதுக்கல்வி அறிவியல் வகுப்பில் இருநூறு பேர் இருப்பார்கள். அதை யார் நடத்துவது என்பது பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்புதான் முடிவாகும். நம் ஊர்க் கௌரவ விரிவுரையாளரைப் போல, வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமர்த்தப்பட்ட ஒரு பகுதிநேர ஆசிரியரிடம், வேறு யாரோ தயாரித்த பாடத்திட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் நல்ல ஆசிரியர். ஆனால் அவருக்கு உட்கார ஓர் அறை இல்லை. மாணவர்கள் சந்தேகம் கேட்க வந்தால் படிக்கட்டில் அமர்ந்து சொல்லிக் கொடுப்பார். அதே கட்டடத்தில் நாங்கள், முழுநேரப் பேராசிரியர்கள், முதன்மைப் பாட மாணவர் பன்னிரண்டு பேருக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். இந்த ஏற்பாட்டைப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பொதுக்கல்வியின் மேன்மையை நாங்கள் எந்த வாயால் சொல்வது?

இதில் பணமும் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான டாலர் கட்டுகின்றன. அதில் பெரும்பகுதி கடன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருக்கு வயது இருபத்தேழு. ஒரு குழந்தைக்குத் தந்தை. இரவுப் பணியில் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு எங்களிடம் வந்தவர். அங்கே அறவியல் பாடத்தில் மிக நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். எங்கள் விதிப்படி அந்தப் பாடம் எழுத்துப் பயிற்சி மிகுந்தது என்ற முத்திரையோடு இருக்க வேண்டும். அவர் படித்ததில் முத்திரை இல்லை. அவர் அங்கே எழுதிய மூன்று கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு இரண்டு முறை குழுவின் முன் வாதாடினேன். பலிக்கவில்லை. அந்த ஒரு பாடத்துக்காக அவர் இன்னொரு பருவம் கட்டணம் செலுத்தினார். பொதுக்கல்வியை நேசிக்கிற எவரும் இத்தகைய விதியை ஆதரிக்கக் கூடாது. கலிபோர்னியா, சமுதாயக் கல்லூரிகளிலிருந்து தன் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கு மாறுகிறவர்களுக்குப் பொதுக்கல்விப் பாடத்தொகுதியை ஒன்றே ஒன்றாக்கி, 2025 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மற்ற இடங்களிலும் இது நடக்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்களும் இதில் சேர வேண்டும்.

பொதுக்கல்வி என்பது நமக்குப் புதிதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, இந்திய இளங்கலைப் படிப்பில் பொதுக்கல்வியைச் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரும், அமெரிக்காவின் ஆண்டியாக் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் மார்கனும் அதன் உறுப்பினர்கள். அந்தப் பரிந்துரை எழுதப்பட்ட அளவுக்கு வேர்விடவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்று படித்த எவருக்கும் இந்த எண்ணம் அந்நியமானதில்லை.

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது எங்களுக்கும் பகுதி ஒன்று தமிழ் இருந்தது. எம்.எஸ்ஸி. சேர்க்கைக்குப் பகுதி மூன்றின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், தமிழ் வகுப்பு ஓய்வெடுக்கும் நேரம் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அதை மாற்றியவர் எங்கள் தமிழாசிரியர். ஒருநாள் சங்கப் பாடல் ஒன்றைக் கரும்பலகையில் முழுமையாக எழுதி, அதன் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தான ஏகாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இது அழுத்திச் சொல்லும் தேற்றமா, பொருளின்றி ஈற்றில் நிற்கும் ஈற்றசையா என்று கேட்டார். ஆய்வகத்தில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்த சட்டையோடு அமர்ந்திருந்த நாற்பது பேர், அந்த ஓர் எழுத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினோம். அழுத்தத்துக்காக வந்தது என்று ஒருவன் சொன்னால், பாட்டுக்குள்ளிருந்து அதற்குச் சான்று காட்டு என்பார். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவதே வழக்கம், அதனால் வெறும் அசை என்று இன்னொருவன் சொன்னால், அப்படியானால் அதை நீக்கிவிட்டுப் படித்துக் காட்டு, பொருள் மாறுகிறதா பார்ப்போம் என்பார். பிற்காலத்தில் நிறமாலையில் ஒரு சிறு முகட்டைப் பார்த்து இது மூலக்கூறின் அடையாளமா, வெறும் இரைச்சலா என்று முடிவு செய்ய வேண்டிய இடங்களில், அந்த ஏகாரம் எனக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

2022 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குத் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற இரண்டு பாடங்கள், தலா ஒரு கிரெடிட்டுக்கு, கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றன. செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். இரும்பு உருக்குதல், நெசவு, ஏரி, மதகு என்று ஒரு பொறியியல் மாணவருக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது! உடனே எழுந்த கவலையும் அதே பழைய கவலைதான். மதகு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு ஏரிக்கரைக்கே கூட்டிப் போய்க் காட்டக்கூடியவரிடம் அந்த வகுப்பு போய்ச் சேர வேண்டும்.

இப்போதைய பல்கலைக்கழகத்தில், அறிவியல் படிக்காதவர்களுக்காக நான் ஒரு வகுப்பு நடத்துகிறேன். பாடத்தின் பெயர் தண்ணீர். இருபத்து நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் வாரம் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதன் கடினத்தன்மையை அளப்பதற்காக, அம்மோனியா கலந்த தாங்கல் கரைசலையும் எரியோகுரோம் பிளாக் என்ற சாயத்தையும் சேர்த்தால் தண்ணீர் ஒயின் சிவப்பாக மாறும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் பிடிபட்ட கணத்தில் சிவப்பு மறைந்து நீலமாகும். நாடகத் துறை மாணவர் ஒருவர், அந்தக் கடைசிச் சொட்டு விழுந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நிறம் எந்தச் சொட்டில் மாறியது என்பதில் அவருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. இருவரும் மறுபடி மூன்று முறை செய்து பார்த்தார்கள்.

அங்கிருந்து மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்துக்குப் போவோம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக அந்நகரம் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. குழாய்கள் அரிக்காமல் தடுக்கும் பாஸ்பேட்டை அந்த நீரில் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகக் குழாயின் உட்சுவரில் படிந்திருந்த பாதுகாப்புப் படலம் கரைந்து, ஈயம் வீட்டுத் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த குழந்தை மருத்துவர் ஒருவர் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஈயத்தின் அளவு கூடியிருப்பதை 2015இல் வெளிப்படுத்தினார். என் வகுப்பில் இருப்பவர்கள் நாளை நகர மன்றத்தில் உட்காரலாம், செய்தித்தாளில் எழுதலாம், வரவுசெலவுக் கணக்குப் பார்க்கலாம். அவர்கள் வேதியியலாளர் ஆக மாட்டார்கள். அதனால்தான் அவர்களிடம் வேதியியலைப் பேசுவதற்கு எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே பருவத்தை நான் உயிராகக் கருதுகிறேன்.

செவிலியர் படிப்பு மாணவி இப்போது இரண்டாம் ஆண்டு. செப்டம்பரில் மறுபடி வந்து, எட்டுக் கட்டத் தாளில் முடிந்தவற்றை அடித்துக் காட்டினார். வரலாற்றை வேறொரு கல்லூரியின் கோடை இணைய வகுப்பில் ஆறு வாரத்தில் முடித்துவிட்டிருந்தார். என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். வாரம் இரண்டு விடியோ, ஒரு வினாடி வினா என்றார். எந்த நூற்றாண்டு என்பதைச் சட்டென்று சொல்ல அவரால் முடியவில்லை. மெய்யியலை எங்கள் வளாகத்திலேயே, முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு பாடத்தை விட்டுக்கொடுக்காத மூத்த பேராசிரியர் ஒருவரிடம் படித்திருந்தார். மதிப்பெண் பி மைனஸ் என்று வருத்தப்பட்டார். ஆனால், சுயநினைவோடு இருக்கும் நோயாளி இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுத்தால் செவிலியர் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி வகுப்பில் நடந்த விவாதத்தை அரைமணி நேரம் எனக்கு விளக்கினார். பேராசிரியர் சொன்ன முடிவு தவறு என்றும், அதை அவரிடமே எழுதிக் கொடுத்ததாகவும், அவர் இரண்டு பக்கம் பதில் எழுதி அனுப்பியதாகவும் சொன்னார். எங்களுக்காக ஒதுக்கிய நேரம் முடிந்து அடுத்த மாணவர் வெளியே காத்திருந்தார்.

அடுத்த ஆண்டு எனக்கு ஆய்வு விடுப்பு. தண்ணீர் வகுப்பை நடத்த ஜூலையில் பகுதிநேர ஆசிரியர் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று துறைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்படிச் செய்வதானால் விடுப்பையே தள்ளிப்போடுகிறேன் என்று சொன்னேன். எங்கள் துறையின் மூத்தவர், குவாண்டம் வேதியியலைத் தவிர வேறெதையும் நடத்தியிராதவர், சற்று நேரம் யோசித்துவிட்டுத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பியூரெட்டைத் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார். அதனால் வியாழக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் ஆய்வகத்தில் சந்திக்கிறோம். போன வாரம் அவர் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார்.